கல்நார்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது லாட்ஜ்.
மொட்டை மாடியில் ஆறு அறைகள்,
ஆறுக்கும் சேர்த்து ஒரே சிமெண்ட் ஷீட் கூரை.
எண்பத்தொன்பதில் போட்டதாம்.
பில் இருக்கிறதா என்றேன்.
அத்தாவுல்லா பாய் சிரித்தார்:
"போட்ட கொத்தனாரே இல்லம்மா இப்ப."

இடித்துவிட்டு மூன்று தளம் எழுப்பக் கடன் கேட்டிருக்கிறார்.
வங்கிக்கு ஒரு காகிதம் வேண்டும்.
அதற்காக வந்தவள் நான்.

மே மாதம், பகல் பதினொன்றரை.
வேலூரில் அந்த நேரத்துக்கு
கோட்டைச் சுவரில் பல்லிகூட ஒட்டாது.
முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர்.
முனிரத்தினம் ஏணியைப் பிடித்துக்கொள்ள
ஷீட்டின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி
கட்டைவிரல் நகம் அளவு
குறடால் கிள்ளினேன்.
உறை. உறைக்கு மேல் இன்னோர் உறை.
மாதிரி எண், அறை எண், தேதி.
கிள்ளிய இடத்துக்குப் பசை.

"இதுல என்னக்கா இருக்கும்?"
இருந்தால் கல்நார் என்றேன்.
பேரைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு தாளவில்லை.
கீழே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி,
"பாய் கல்லுலயே நார் உரிக்கிற ஆளு.
அவர் தலைக்கு மேலயே வெளைஞ்சிருக்கு பாருங்க."
அவர் தலைக்கு மேல் இல்லை.
அவர் வீடு சத்துவாச்சாரியில், கான்க்ரீட்.

நான்காம் அறை.
ஷெஃபாலி, மால்டாவிலிருந்து.
கட்டிலில் மகன், பதினொரு வயது, மருந்தில் முடி கொட்டிய தலை,
செல்போனில் கிரிக்கெட்.
நான்கு மாதமாக இங்கேதான், நாளுக்கு இருநூற்றைம்பது.
'பயன்படுத்துவோர்' என்ற கட்டத்தில்
இரண்டு என்று எழுதிவிட்டு மேலே பார்த்தேன்.

ஃபேன் கொக்கிக்குத் துளைத்த ஓட்டை,
அதிலிருந்து ஓடிய விரிசல்.
மழை ஒழுகிய நாளில்
விரிசல் நெடுகச் சோப்பு வைத்து அடைத்திருக்கிறாள்.
பச்சைச் சோப்பு. அதில் விரல் அமுங்கிய பள்ளங்கள்.
சோப்பு எட்டாத கோடியில்
நூல்நூலாக ஏதோ தொங்கியது.
நேர் கீழே, கொசுவலைமேல்,
ஒரு வெள்ளை.

வலையை உதறுவாளா?
எந்த மொழியில் கேட்பது.
உதறுவதுபோல் கையை ஆட்டினேன்.
அவள் பெருமையாக இரண்டு விரல் காட்டினாள்.
காலையும் மாலையும்.
பையன்மேல் தூசு படக்கூடாது, இல்லையா.

படிவத்தில் இருப்பது
நன்று, சுமார், சிதைவு.
இதற்குக் கட்டம் இல்லை.

வேண்டாம் என்று தலையாட்டி
துணியை நனைப்பது பிழிவது துடைப்பது
எல்லாம் நடித்துக் காட்டினேன்.
அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வாளியில் துண்டை முக்கி,
பிழிந்து,
என் தோளை, முழங்கையை,
முகமூடிக்கு மேல் மிச்சமிருந்த நெற்றியைத்
துடைத்துவிட்டாள்.
ஏழு வருஷமாகக் கூரை கிள்ளுகிறேன்.
யாரும் இப்படிச் செய்ததில்லை.
பையன் ஓவர் முடிந்து நிமிர்ந்து சிரித்தான்.

கீழே பாய் டீ சொல்லியிருந்தார்.
"இல்லேன்னு வந்தா கடப்பாரை போட்டு ஒரு நாள் வேலை.
இருக்குன்னா?"
நனைத்து, முழுசாகக் கழற்றி, சுற்றிக் கட்டி,
அதற்கென்று ஆள் வைத்து
ஒன்றரை லட்சம் ஆகும் என்றேன்.
டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
"முப்பத்தஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையேம்மா."
அது அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் பாய் என்றேன்.
அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது.
மாதிரி ஏழு, நான்காம் அறை: உண்டு.
தட்டச்சு செய்து, முத்திரை குத்தி
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பொய் எழுதவில்லை என்ற
சின்னத் திமிர்கூட எனக்கு இருந்தது.

பாய் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.
"சரி, இடிக்கல. அப்படியே இருக்கட்டும்.
இடிக்கலைன்னா இது தேவையில்லைதானே?"
அறிக்கையை மேசை இழுப்பறைக்குள் போட்டு
ஆணியில் தொங்கிய சாவிகளில்
நாலாம் நம்பரைக் கழற்றி
எனக்குப் பின்னால்
எக்ஸ்ரே உறையோடு நின்றவரிடம் கொடுத்தார்.